மூக்கி வரட்டும்

மூக்கி, நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதுன்னு சொல்லு. அப்படித்தான் காதுல விழுந்துச்சு. முன்னறைக் கட்டில்ல கெடந்துக்கிட்டு எம்புருஷன் பூனைகிட்டச் சொல்லுதாக. பூனை வீட்டுல இல்ல. அதுதான் இப்பச் சங்கடம். நான் புறவாசல்ல அங்கணத்துப் பக்கம் அருவாமணையப் போட்டு உக்காந்து சாளை மீனு அறுத்துக்கிட்டு இருக்கேன், கை ரெண்டும் செதிலு, முழங்கை வரைக்கும் கவிச்சி, துரை என் முட்டிய ஒட்டி உக்காந்து ஒவ்வொரு தலையா வாங்கித் தின்னுக்கிட்டு இருக்கான். துரை கடுவன் பூனை, திங்குறதும் தூங்குறதும் தவிர ஒரு வேலை தெரியாது. மூக்கி பொட்டை, மூக்கு மேல மையத் தொட்டு வச்சாப்புல ஒரு கறுப்பு இருக்கும். இந்த வீட்டுல தூது போற பூனை அவதான். அவுகளும் நானும் நேருக்கு நேரா ஒரு வார்த்தை பேசி எத்தனையோ வருஷம் ஆச்சு, எம்மக சுயம்புக்கனி கல்யாணத்துக்கு முந்தியே நின்னு போச்சு. சோறு எடுத்து வச்சாச்சுன்னு சொல்லு மூக்கி, கேஸ் தீந்து போச்சுன்னு சொல்லு மூக்கி, கொழம்புல உப்பு தூக்கலா இருக்குன்னு சொல்லு மூக்கி, இப்படித்தான் ஓடுது இந்தக் குடித்தனம். பூனை என்னத்தச் சொல்லும், அது பாட்டுக்கு வாலை நக்கிக்கிட்டு உக்காந்திருக்கும், நாங்க அது முதுகப் பாத்துப் பேசுவோம். ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான் கேக்கும். ஆனா பூனை அங்க இருக்கணும். பூனை இல்லாத நேரத்துல பேசுனது பேச்சுல சேராது. அது சட்டம். நான் போட்ட சட்டம் இல்ல.

போட்டது அவுகதான். ஒரு மழைக்காலத்துல எனக்குக் காய்ச்சல், பாயில சுருண்டு கெடக்கேன், பல்லு கிட்டிக்கிட்டு வருது. மூக்கி, காய்ச்ச மாத்திரை வாங்கியாரச் சொல்லுன்னேன். ஒண்ணுக்கு ரெண்டு தரம் சொன்னேன். முன்னறையில பேப்பர் திருப்புற சத்தம் நல்லாக் கேக்குது, மனுசன் அசையல. பொழுது சாயுற நேரத்துக்கு மூக்கி மழையில நனைஞ்சு போயி சன்னல் வழியாக் குதிச்சு வந்தா. அப்பச் சொல்லுதாக, ஏ மூக்கி, நீ இல்லாத நேரத்துல யாரோ என்னமோ முனங்குன மாதிரி இருந்துச்சு, உனக்கு வந்த சேதிய நான் ஒட்டுக்கேக்கலாமான்னு சும்மா இருந்துட்டேன், அப்படின்னு. சொல்லிட்டுச் சிரிப்பு வேற. அப்புறம் குடையப் பிடிச்சுப் போயி மாத்திரை வாங்கிட்டு வந்து பூனைக்கு முன்னால வச்சாக, அதையும் சொல்லணும்லா. நான் அந்த மாத்திரைய முழுங்கும்போதே நெனைச்சுக்கிட்டேன், சரி, அப்படியே இருக்கட்டும், எனக்கும் ஒரு நேரம் வரும்னு. வந்திருக்கு. ஆனா வந்திருக்கது நெசந்தானான்னு தெரியலையே. ஏன்னா அவுக பாத்த வேலை அப்படி. பஸ்ஸுல செக்கிங் இன்ஸ்பெக்டர். மத்தவங்க மாதிரி ரோட்டுல நின்னு கைய நீட்டி வண்டிய நிறுத்த மாட்டாக. வேட்டியக் கட்டிக்கிட்டு, மஞ்சப்பையைத் தூக்கிக்கிட்டு, கல்யாண வீட்டுக்குப் போற ஆளு மாதிரி ஏறி, கடைசி சீட்டுல சாஞ்சு வாயப் பொளந்து தூங்குவாக. தூக்கம்னா அப்படியொரு தூக்கம், எச்சி வடியும். டிக்கெட் எடுக்காத ஆளு இறங்கப் போற நேரம் பாத்துக் கண்ணு தொறக்கும். படியில நிக்கும்போது பிடிக்கக் கூடாதாம், ஒரு காலு தரையில வச்சு, அப்பாடான்னு மூச்சு விட்டதுக்கு அப்புறம் பிடிக்கணுமாம், அப்பத்தான் அந்த மூஞ்சி பாக்க நல்லா இருக்குமாம். கருவாட்டுக்காரி ஒருத்தி கால்ல விழுந்து அழுத கதையச் சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே சொல்லுவாக. அந்த ஆளுதான் இப்ப நெஞ்சு அடைக்குதுங்காக. நம்பிறலாமா? நம்பிப் போயி நின்னா, கண்ணத் தொறந்து பாத்துச் சிரிச்சா, நான் எந்தக் குழியில போய் விழ?

இந்த மீனுக்குக் குடல் இவ்வளவு இருக்கே. பெருவிரல உள்ள விட்டு இழுத்தா வந்துக்கிட்டே இருக்கு. அம்மை சாளை அறுக்கும்போது அருவாமணையே வேண்டாம்பா, விரலாலயே கழுத்தக் கிள்ளி ஒரே இழுப்புல தலையும் குடலுமா எடுத்துருவா. அம்மை. அவ மூஞ்சியக் கடைசியாப் பாக்கலையே நான். பாக்க விடலையே. அவுக தங்கச்சி மகளுக்கு நிச்சயதார்த்தம், எங்க வீட்டுலதான் வச்சிருந்துச்சு, நான் விடிய முன்னால எந்திரிச்சு ஆட்டி அரைச்சு, எலை போடுற அளவுக்கு அத்தனை பேருக்கும் ஒத்தையாளாப் பொங்குதேன். காலையில போன் வந்துச்சு, அவுக எடுத்தாக. எடுத்துக்கிட்டே வாசப்பக்கம் போனாக. திரும்பி வந்து அடுக்களை நிலைப்படியில நின்னு என்னப் பாத்தாக. பாயாசத்துக்கு வெல்லம் பத்துமான்னு கேட்டாக. பத்தும்னேன். சரின்னு போய்ட்டாக. சாப்பிட்டு, தாம்பூலம் மாத்தி, மாப்பிள்ளை வீட்டு ஆளுக வேன் ஏறி, கையக் காட்டி, தெரு முடுக்கு தாண்டுனதுக்கு அப்புறம் என் பக்கத்துல வந்து சொன்னாக, உங்க அம்மை காலையிலயே போய்ட்டாளாம். காலையிலயே! நான் பாயாசத்தக் கிண்டிக்கிட்டு நிக்கும்போது அவ அங்க தரையில கெடந்திருக்கா. உடன்குடி என்ன சீமையிலயா இருக்கு, இந்தத் தூத்துக்குடியில இருந்து பஸ் ஏறுனா வந்துரும், அதுவும் இன்ஸ்பெக்டர் பொண்டாட்டிக்குப் பஸ்ஸுக்கா பஞ்சம். நான் போய்ச் சேரும்போது எல்லாம் எடுத்து முடிச்சு, எங்கண்ணன்மாரு தலையில தண்ணி ஊத்தி ஈர வேட்டியோட உக்காந்திருக்காக. வெயிலு, எவ்வளவு நேரம்தான் வச்சிருப்பாக. ஏன்யா சொல்லலன்னு நான் மாரடிச்சுக் கேட்டதுக்கு இந்த மனுசன் சொன்ன பதிலு இருக்கே. நல்ல காரியம் நடக்கிற வீட்டுல தீட்டு நொழைஞ்சிரக் கூடாதுல்லா, காதுல விழுந்தாத்தான் தீட்டு, விழாத வரைக்கும் ஒண்ணும் இல்ல, நீ சுத்தமாத்தான் சமைச்சிருக்க, அப்படின்னாக. என்னமோ எனக்கு உபகாரம் பண்ணுன மாதிரி. அன்னைக்கு மூடுனதுதான் என் வாயி. அழுது தீத்திருக்கலாம், அப்பன் வீட்டப் பாத்துப் போயிருக்கலாம், ஊரக் கூட்டியிருக்கலாம். ஒண்ணும் செய்யல. பேசாம இருந்தேன். அவுகளும் எத்தனை நாளைக்குன்னு பாக்கேன்னு இருந்தாக. பாத்துக்கிட்டேதான் இருக்காக.

கட்டிலு கிறீச்சுன்னுது. புரண்டு படுத்திருக்கணும். புரண்டு படுக்கத் தெம்பு இருக்குன்னா ஒண்ணும் இல்ல. வாயுவா இருக்கும், நேத்து மொச்சைய அள்ளி அள்ளித் தின்னாக, மூக்கி முன்னாலதான் சொன்னேன், ராத்திரிக்கு மொச்சை வேண்டாம்னு சொல்லு மூக்கின்னு. கேட்டாத்தானே. இந்த மூக்கி எங்க போய்த் தொலைஞ்சா? சாளை அறுக்கும்போது வராத பூனை லோகத்துல உண்டா? துரையப் பாரு, தாடியெல்லாம் ரத்தத்தப் பூசிக்கிட்டு உக்காந்திருக்கான். அவளுக்கு இது போதாது. செத்த மீனு யாருக்கு வேணும்பா. ஓடுறது வேணும், துடிக்கிறது வேணும். அவ கொண்டாராத சாமான் இல்ல. பல்லி, ஓணான், தவிட்டுக்குருவி, எலி, ஒரு தரம் சாரைக்குட்டி. கொன்னு கொண்டாந்தாலாவது தூத்து அள்ளிப் போட்டுட்டுப் போலாம், முக்காவாசி உசுரோடதான் வரும். நேரா முன்னறைக்குப் போயி அவுக காலடியில போடுவா. எனக்குக் கொண்டாந்து போட மாட்டா. தாய்ப்பூனை அப்படி உசுரோட கொண்டாந்து போடுறது வேட்டையாடத் தெரியாத குட்டிக்குத்தான்னு பக்கத்து வீட்டு மாலையம்மா சொன்னா, அதை அன்னைக்கே மூக்கி மூலமா அவுக காதுல போட்டேன், உனக்குப் பெரிய குட்டி ஒண்ணு இருக்கே மூக்கி, ரிட்டையர் ஆன குட்டின்னு. ரெண்டு நாளு கொழம்புல குத்தம் சொன்னாக. ஆனா வேட்டையாடத் தெரியாதுன்னு சொல்ல முடியாது. மூக்கி எலிய விட்டுப் பிடிக்கும்போது கட்டில்ல உக்காந்தபடியே செருப்பை நீட்டி வழிய மறிப்பாக. எலி கதவுக்கு ஓடுனா செருப்பு கதவுக்குப் போகும், பீரோவுக்கு அடியில ஓடப் பாத்தா அங்க போகும். அடிக்க மாட்டாக, ஒரு தட்டு தட்டித் திருப்பி விடுவாக. போ, போ, உன் டிக்கெட்ட எடு பாப்போம்பாக. அந்த எலி ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு மூச்சு வாங்கும், வயிறு மட்டும் புடைச்சுப் புடைச்சு அடங்கும்.

ஆரம்பத்துல எனக்குப் பொறுக்காது. வாரியலத் தூக்கிக்கிட்டு ஓடுவேன், மூக்கிய விரட்டி, குருவியக் கையில எடுத்து, மஞ்சத்தண்ணி தெளிச்சு, கூடையப் போட்டு மூடி வைப்பேன். ஒண்ணாவது பிழைக்கணுமே. கையில சூடு இருக்கும்போதே கழுத்து தொங்கிரும். பயத்துலயே போயிரும்போல. பொறவு பொறவு ஓடுறத விட்டுட்டேன். அங்க கீச்சு கீச்சுன்னு கேக்கும், நான் இங்க உக்காந்து வெங்காயம் உரிப்பேன். சத்தம் எப்ப நிக்கும்னு காது அங்கயே கெடக்கும். ஒரேயடியாக் கொன்னு தொலையேன்டி சவமேன்னு வையுவேன். அப்படித்தான் வைதுக்கிட்டு இருந்தேன், ஒரு நாளு கவனிச்சா நான் வையவே இல்ல, உரிக்கவும் இல்ல, வெங்காயத்தக் கையில வச்சுக்கிட்டு அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருக்கேன். இன்னும் இருக்கா, இன்னும் இருக்கான்னு. நின்னதும் ஒரு ஏமாத்தம். சீன்னு வந்துச்சு எனக்கே. யாருகிட்டச் சொல்ல இதை. சுயம்புகிட்டச் சொன்னா சிரிப்பா, அவளுக்கு எங்க ரெண்டு பேரையும் கண்டாலே சிரிப்பு, ஓசூர்ல இருந்து போனப் போட்டு, என்னம்மா பூனை என்ன சொல்லுதும்பா. பூனை என்னளா சொல்லும், எல்லாம் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கு.

என்னமோ விழுந்துச்சு. டம்ளர். விழுந்து உருண்டு சுவத்துல முட்டி நின்னுச்சு, அது வரைக்கும் கேட்டுட்டேன். தண்ணி குடிக்க எடுத்திருக்காக, கை நழுவியிருக்கு. இல்ல, தட்டி விட்டிருக்காக. எனக்குக் கேக்கட்டும்னு. எந்திரி. எந்திரிக்கணும். எந்திரிச்சுப் போயி எட்டிப் பாத்தா என்ன, வாய் தொறக்காம எட்டிப் பாத்துட்டு வந்தா சட்டம் என்ன செய்யும்? ஆனா எட்டிப் பாத்தாலே கேட்டதா ஆயிருமே. கேட்டுட்டுத்தான் வந்தன்னு ஆயிரும். ஒரு காலு தரையில வச்ச மாதிரி. இன்னும் நாலஞ்சு மீனு கெடக்கு, அத அறுத்துட்டுப் போலாம். துரை இங்க இருக்கானே. அதுதான் கிடந்து உறுத்துது. துரைன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா நான் கேட்டாகணும், பூனைன்னா ரெண்டும் பூனைதானே. ஆனா அவுக மூக்கின்னுதான் கூப்பிட்டாக. துரை தூது போனதே கிடையாது, அவன் இந்த வீட்டுக்கு வந்ததே பின்னால. அப்ப சேராது. சேராதுன்னா சேராது. என்னமா வக்கீல் மாதிரி பேசுதேன் பாரு. அங்க ஒரு உசுரு. நெசமா இருந்தா? நெசமா இருந்து, நான் செதிலு உரிச்சுக்கிட்டு இருந்து, அவுக அப்படியே. அய்யோ. சுயம்பு வந்து அழுதுட்டு, எப்பம்மா முடியலைன்னு சொன்னாரு, நீ என்ன செஞ்சுக்கிட்டு இருந்தன்னு கேப்பா. மீனு அறுத்துக்கிட்டு இருந்தேன்னு சொல்லணும். கேக்கலையான்னு கேப்பா. கேட்டுச்சுன்னு சொல்லுவனா, கேக்கலைன்னு சொல்லுவனா? கேக்கலைன்னுதான் சொல்லுவேன். எவ்வளவு சுளுவா வருது வாயில. அவுகளுக்கும் இப்படித்தான் வந்திருக்கும், வெல்லம் பத்துமான்னு.

செத்தா என்ன, செத்துத் தொலையட்டும்னு எத்தனை நாளு நெனைச்சிருக்கேன். குளிக்கும்போது நெனைப்பேன். பொட்டு இல்லாத மூஞ்சிய, கண்ணாடியில விரலால பொட்ட மறைச்சு, பாத்திருக்கேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அப்புறம் ஒரு பயம் வரும் பாரு. இந்த வீட்டுல நான் மட்டும் இருப்பேன். யாருகிட்டப் பேசாம இருப்பேன்? பேசாம இருக்கதுக்கும் ஒரு ஆளு வேணும்லா. செவுத்துக்கிட்டப் பேசாம இருக்க முடியுமா. மூக்கிகிட்டச் சொன்னா அது மூக்கிகிட்டச் சொன்னதாத்தான் இருக்கும், அதுக்கு அந்தாண்ட ஒரு காது இருக்காது. என் வைராக்கியமெல்லாம் என்னத்துக்கு ஆகும். அப்ப எனக்கு என்ன வேணும்? நெஞ்சத் தொட்டுச் சொல்லு, பிரம்மசக்தி, உனக்கு என்ன வேணும்? கூப்பிடணும். அதுதான். அந்த மனுசன் பூனையக் கூப்பிடாம என்னக் கூப்பிடணும். பிரம்முன்னு கூப்பிடுவாக அப்பவெல்லாம், கல்யாணமான புதுசுல, டூட்டி முடிஞ்சு செருப்பைக் கழட்டும்போதே முடுக்கு வரைக்கும் கேக்கும். ஒரே ஒரு தரம் அப்படிக் கூப்பிட்டா போதும், மீனும் மண்ணும் அப்படியே போட்டுட்டு ஓடிருவேன். சத்தியமா ஓடிருவேன். டாக்டருக்குப் போனப் போட்டு, ஆட்டோவப் பிடிச்சு, மடியில தலையத் தூக்கி வச்சுக்கிட்டுப் போவேன். அம்மைய மறந்தாலும் மறந்துருவேன். வாயத் தொறந்து கூப்பிடுங்களேன். சாகுற வலியிலயும் மூக்கிதானா உங்களுக்கு. அப்படி என்ன கௌரவம், போக்கத்த கௌரவம். என் கௌரவம் மட்டும் என்ன வாழுதாம். அதுவும் போக்கத்ததுதான்.

மீனு முடிஞ்சுது. ஒண்ணும் பாக்கி இல்ல. தண்ணிய ஊத்தி அலசுதேன், ஒரு தண்ணி போதும், ரெண்டாந்தண்ணி ஊத்துதேன், கல்லுப்பு போட்டு உரசுதேன், சாளைய இப்படி உரசுனா சதை கரைஞ்சிரும்னு தெரியும், உரசுதேன். முன்னறையில சத்தமே இல்ல. சத்தம் இருந்தப்ப வந்த கோவம் இப்ப வரல, இது வேற என்னமோ, காதுக்குள்ள குய்யுன்னு ஒரு சத்தம். அப்பத்தான் மதிலு மேல அவ வந்தா. மூக்கி. வாயில வாலு தொங்குது, புசுபுசுன்னு. அணில். முருங்கை மரத்துல காலையில இருந்து கத்திக்கிட்டு கெடந்துச்சே, அதுவாத்தான் இருக்கும். மதில்ல இருந்து துணி தோய்க்கிற கல்லு, கல்லுல இருந்து தரை, என்னத் திரும்பிக்கூடப் பாக்கல, மீனு வாசத்துக்கு மூக்கத் திருப்பல, வாலத் தூக்கிக்கிட்டு அடுக்களையக் கடந்து நேரா முன்னறைக்குப் போறா. அணிலோட பின்னங்காலு ஒண்ணு உதைக்குது. வந்துட்டாளே. பூனை வந்துட்டு. இனிமே சட்டம் ஒண்ணும் குறுக்க இல்ல. கையக் கழுவல, எந்திரிச்சேன், முட்டி மளுக்கு மளுக்குன்னு சத்தம் போடுது, சேலையிலயே கையத் தொடச்சுக்கிட்டு அவ பின்னாலயே போறேன். என்ன கேக்கணும், மூக்கி, நெஞ்சு இப்ப எப்படி இருக்குன்னு கேளு, அவ்வளவுதான். வாய்க்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே போறேன், பள்ளிக்கொடத்துப் பிள்ளை மாதிரி.

நிலைப்படியில நின்னுட்டேன். அவுக கட்டில்ல சாஞ்சு கெடக்காக, ஒரு காலு தரையில தொங்குது, டம்ளர் தண்ணி ஓடி வந்து அந்தப் பாதத்த நனைச்சிருக்கு. சட்டை தொப்பலா நனைஞ்சு நெஞ்சோட ஒட்டியிருக்கு. இடது கைய வலது கையால பிடிச்சிருக்காக. மூஞ்சி வெளுத்துப் போயி, மேலுதட்டுல முத்து முத்தா வேர்வை. தூங்குற மாதிரி நடிக்கலாம், எச்சி ஒழுக விடலாம், வேர்வைய எந்த இன்ஸ்பெக்டராலயும் வரவழைக்க முடியாது. நெசம். இத்தனை நேரமும் நெசம். மூக்கி அணிலக் கொண்டு போயி அந்தத் தொங்குற காலுக்குப் பக்கத்துல போட்டா, போட்டுட்டுத் தள்ளி உக்காந்தா, அணில் ரெண்டு எட்டு நொண்டுச்சு, செருப்பு எதுவும் நீளல. அவுக கண்ணு அதப் பாக்கல. என்னப் பாக்குது. அந்தக் கண்ணுல பயம் இருந்துச்சு, நான் பாத்ததே இல்லாத பயம். படிச்சுக்கிட்டு வந்தது ஒண்ணும் ஞாபகம் வரல. வாய் தானாத் தொறந்திருச்சு. என்ன செய்யுது? அப்படின்னுட்டேன். மூக்கின்னு முன்னால சொல்லல. நேரா அவுக மூஞ்சியப் பாத்து, என்ன செய்யுது? என் குரலு எனக்கே யாரோ மாதிரி இருந்துச்சு.

அவுக கண்ணு விரிஞ்சுது. பயம் கொஞ்சம் ஒதுங்குச்சு, ஒதுங்குன எடத்துல வேற ஒண்ணு வந்து உக்காந்துச்சு, எனக்கு அடையாளம் தெரியாதா அது. உதடு ஒரு ஓரமா இழுக்குது. மூச்ச இழுத்து, விட்டு, இன்னொரு மூச்ச இழுத்து, என் மூஞ்சியில இருந்து பார்வைய எடுத்து, பைய, கீழ உக்காந்திருக்க பூனையப் பாத்து, பேசிட்டா, பாத்தியா மூக்கி, அப்படின்னாக. பேசிட்டா. சாகப் போற மனுசன். அந்த மூச்ச வச்சுத் தண்ணி கேட்டிருக்கலாம், சாமியக் கூப்பிட்டிருக்கலாம். எனக்கு உச்சி மண்டையில இருந்து உள்ளங்காலு வரைக்கும் எரிஞ்சுது. எங்க அம்மை செத்த அன்னைக்குக்கூட இப்படி எரியல. நானும் குனிஞ்சு பூனையத்தான் பாத்தேன். குரலு நடுங்கல, ஆச்சரியம்தான். மூக்கி, நான் அவுககிட்ட ஒண்ணும் பேசலையே, அந்த அணிலு என்ன செய்யுதுன்னு உங்கிட்டல்லா கேட்டேன், உசுரு இருக்கா போய்ட்டான்னு, அவுக தப்பா நெனைச்சுக்கிட்டாக போலருக்கு, சொல்லிரு. சொன்னேன். ஒரு எழுத்து விடாமச் சொன்னேன். உதட்டுல இருந்த இழுப்பு அப்படியே நின்னுச்சு, அப்புறம் கழண்டு விழுந்துச்சு. வலது கை இடது கைய விட்டுட்டு மெத்தையத் தடவுது, எதையோ தேடுற மாதிரி. மூக்கியப் பாக்கல இப்ப. மோட்டுவளையப் பாக்கல. என்னப் பாத்து, நேரா என்னப் பாத்து, வறண்ட தொண்டையில இருந்து, பிரம்மு, அப்படின்னாக. பிரம்மு. இத்தனை வருஷம் கழிச்சு. போனு அடுக்களை மேடையிலதான் இருக்கு. கையக் கழுவிட்டு எடுக்கணும், கழுவாமலே எடுக்கலாம், செதிலா முக்கியம். போகணும். அணில் கதவுப் பக்கம் நகர, மூக்கி ஒரு காலால இழுத்துப் போட்டுட்டு மறுபடி விடுதா. நான் நிலைப்படியப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். இன்னொரு தரம் கூப்பிடட்டும்.